டெங்கி வந்தால் எந்தக் காப்புறுதி எந்தச் செலவுக்குக் கொடுக்கும்? (சிங்கப்பூர்)

#1 தெம்பனிஸ்_மல்லி
அனைவருக்கும் வணக்கம். தங்குவிடுதி ஊழியர்களுக்கும், ஊரிலிருந்து புதிதாகக் குடும்பத்தோடு வந்திருப்பவர்களுக்கும் தமிழில் ஒரு பக்கத் தாள் தயாரிக்கிறேன். பொருள்: டெங்கி வந்தால் எந்தக் காப்புறுதி எந்தச் செலவை ஏற்கும். மெடிஷீல்டு லைஃப் (அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவமனைக் காப்புறுதி), கம்பெனி தரும் கிளினிக் அட்டை, ரைடர் (தனியார் மருத்துவமனைக் காப்புறுதிக்கு மேல் கூடுதலாக வாங்கும் இணைப்பு), தொற்றுநோய்ப் பாதுகாப்பு சேர்த்து விற்கும் விபத்துத் திட்டம், பயணக் காப்புறுதி எல்லாம் மக்கள் மனதில் ஒரே மூட்டையாகக் கிடக்கின்றன. "இன்ஷூரன்ஸ் இருக்கே, பார்த்துக்கலாம்" என்று இருந்துவிட்டு, பில் வந்த பிறகுதான் எது இல்லை என்று தெரிகிறது. விவரம் தெரிந்தவர்கள் துல்லியமாகச் சொல்லுங்கள். விளம்பர இணைப்புகள் வேண்டாம்.

#2 பில்மேசை
மல்லி, முதலில் நோயின் நாள்கணக்கைப் பிடியுங்கள். காப்புறுதி அதன்பின் தானாகப் புரியும்.

காய்ச்சல் தொடங்கிய நாளை முதல் நாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று நாள் ஜிபி (பொது மருத்துவர்) கிளினிக் அல்லது பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்). மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை காய்ச்சல் இறங்குகிற கட்டம். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதும் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) சரிவதும் அப்போதுதான் நடக்கும். அதனால் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தம் எடுக்கச் சொல்வார்கள். பெரும்பாலானோர் வார்டில் படுக்காமலே தேறிவிடுவார்கள்.

ஆகவே டெங்கியின் வழக்கமான செலவு வெளிநோயாளிச் செலவு: நாலைந்து முறை ஆலோசனைக் கட்டணம், நாலைந்து முறை ரத்தப் பரிசோதனை. மெடிஷீல்டு லைஃப் இதில் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காது. அது பெரிய மருத்துவமனை பில்லுக்கும், டயாலிசிஸ், கீமோ போன்ற செலவு மிகுந்த சில வெளிநோயாளி சிகிச்சைகளுக்கும் உள்ள திட்டம். குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்கும் 2015 நவம்பர் 1 முதல் ஆயுள் முழுக்க உண்டு. ஏற்கெனவே இருந்த நோய்களும் அதில் அடங்கும். நல்ல திட்டம்தான். டெங்கியின் முதல் வாரம் மட்டும் அதன் வேலையில் சேராது.

வார்டில் சேர்ந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிடக்டிபிள் என்ற தொகையை முதலில் நாம் கட்டிய பிறகுதான் காப்புறுதி ஆரம்பிக்கும். வார்டையும் வயதையும் பொறுத்து அது மாறும், 1,500 வெள்ளிக்குக் குறையாது. மானிய வார்டில் மூன்று நாள் சலைன் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினால், மானியம் போக மிஞ்சும் பில் பல நேரம் அந்தத் தொகையைத் தொடவே தொடாது. அப்போது "காப்புறுதி ஏமாற்றிவிட்டது" என்று நினைப்பார்கள். உண்மையில் அந்த பில் மெடிசேவுக்கு, அதாவது சம்பளத்திலிருந்து சேரும் மருத்துவச் சேமிப்புக் கணக்குக்கு உரியது. மருத்துவமனையில் குறைந்தது 8 மணி நேரம் தங்கியிருந்தால் மெடிசேவ் எடுக்கலாம். துணைவர், பெற்றோர், பிள்ளைகள் கணக்கிலிருந்தும் எடுக்கலாம்.

#3 ரைடர்_ராசு
பில்மேசை அண்ணன் சொன்னதற்கு ஒரு கணக்கு சேர்க்கிறேன். தனியார் மருத்துவமனையில் டெங்கிக்கு 6,000 வெள்ளி பில் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டம் (மெடிஷீல்டு லைஃபோடு தனியார் நிறுவனத்தின் கூடுதல் காப்புறுதி சேர்ந்தது) இருக்கிறது, டிடக்டிபிள் 3,500, கோ-இன்ஷூரன்ஸ் 10%.

ரைடர் இல்லாவிட்டால் 3,500 நம்முடையது. மீதி 2,500இல் பத்து விழுக்காடு, அதாவது 250ம் நம்முடையது. மொத்தம் 3,750 நாம் கட்ட, காப்புறுதி 2,250 தரும். பாதிக்கும் குறைவு.

டிடக்டிபிளையும் சேர்த்து ஏற்கும் ரைடர் இருந்தால் 6,000க்கு 5%, அதாவது 300 மட்டும். ஆனால் 2026 ஏப்ரல் 1 முதல் விற்கும் புதிய ரைடர்கள் குறைந்தபட்ச டிடக்டிபிளை ஏற்கக்கூடாது என்பது சுகாதார அமைச்சின் விதி. அதன்படி 3,500 நம்முடையது, மீதி 2,500க்கு 5% என்றால் 125. மொத்தம் 3,625. ரைடர் இல்லாதவருக்கும் இருப்பவருக்கும் இந்த பில்லில் வித்தியாசம் 125 வெள்ளிதான். டெங்கி போன்ற குறுகிய தங்கலை மட்டும் மனதில் வைத்துப் புதிய ரைடர் வாங்குவதில் பொருளில்லை. புற்றுநோய், இதய அறுவை மாதிரி பெரிய பில்லுக்கு அது வேறு கணக்கு.

டிடக்டிபிள் பாலிசி ஆண்டுக்கு ஒருமுறை என்பதையும் தாளில் போடுங்கள். அதே ஆண்டில் ஏற்கெனவே ஒரு தங்கலுக்கு முழுசாகக் கட்டியிருந்தால், டெங்கி பில்லுக்கு மறுபடி கட்ட வேண்டாம்.

#4 தெம்பனிஸ்_மல்லி
வார்டில் சேர்வதற்கு முன் கிளினிக்கில் எடுத்த ரத்தப் பரிசோதனைகளைப் பின்னால் கேட்டுப் பெற முடியுமா?

#5 ரைடர்_ராசு
ஒருங்கிணைந்த திட்டம் இருந்தால் முடியும். சேர்வதற்கு முந்தைய செலவு, வீடு திரும்பிய பிந்தைய செலவு என்று இரண்டு பலன் இருக்கும். முந்தைய செலவுக்குப் பல திட்டங்களில் 90 முதல் 180 நாள் வரை. அந்த வருகை இதே நோய்க்காக என்று தெரிய வேண்டும், பில் இனவாரியாக இருக்க வேண்டும், கிளினிக்கிலிருந்து மருத்துவமனைக்கு எழுதிய கடிதம் இருந்தால் வலு. வீடு திரும்பியபின் பிளேட்லெட் ஏறுகிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் இதில் வரும். மெடிஷீல்டு லைஃப் மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த இரண்டும் கிடையாது.

அடிப்படை நிபந்தனையை மறக்காதீர்கள்: வார்டில் சேர்ந்திருக்க வேண்டும். சேராமலே தேறியவருக்கு அந்தப் பரிசோதனைகள் முழுக்கக் கைச்செலவு, அல்லது கம்பெனி அட்டை.

#6 வார்டு_விளக்கு
ராசு சொன்ன நிபந்தனை காரணமாக ஒரு தவறான பேச்சு பரவுகிறது: "எப்படியாவது அட்மிட் ஆகிடு, அப்பத்தான் கிளைம் கிடைக்கும்." தயவுசெய்து இதைத் தாளில் கண்டித்தே எழுதுங்கள்.

பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் வைத்து மருத்துவர் வார்டில் சேர்ப்பதில்லை. ஹெமட்டோகிரிட் (ரத்தத்தின் செறிவு) ஏறுகிறதா, வாய்வழி நீர் இறங்குகிறதா, வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம், சோர்ந்து கிறங்கிக் கிடப்பது, சிறுநீர் குறைவது இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கிறார்கள். மருத்துவ அவசியம் இல்லாத தங்கல் என்று பட்டால் காப்புறுதி நிறுவனம் கேள்வி கேட்கும், பில் முழுதும் நம் தலையில் விழும்.

எதிர்ப்பக்கத் தவறு இதைவிட ஆபத்தானது. செலவுக்குப் பயந்து நான்காம் ஐந்தாம் நாளில் வீட்டிலேயே இருப்பது. காய்ச்சல் விட்டுவிட்டது, சரியாகிவிட்டது என்று நினைக்கும் அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் அதிர்ச்சி நிலைக்கு (ரத்த ஓட்டம் சரிந்து உயிருக்கு ஆபத்தாகும் நிலை) போகும் நேரம். மேலே சொன்ன அறிகுறியில் ஒன்று தெரிந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவு. அங்கிருந்து வார்டில் சேர்த்தால் அந்தக் கட்டணமும் உள்நோயாளி பில்லோடு சேர்ந்துவிடும். உடல்வலிக்கு பாரசிட்டமால் மட்டும். ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின், டிக்லோஃபெனாக் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த வலிமாத்திரைப் பட்டையில் என்ன இருக்கிறது என்று பாராமல் போடுகிறவர்கள் ஏராளம், அதனால் இந்த வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

#7 எச்ஆர்_மேசை
வேலை அனுமதிச் சீட்டு, எஸ் பாஸ் ஊழியர்களைப் பற்றி நான் சொல்கிறேன். மல்லியின் தாளுக்கு இதுதான் மையம்.

முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். 2023 ஜூலை 1க்கு முன் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 15,000 வெள்ளி, அதன் பிறகு 60,000. இல்லப் பணிப்பெண்களுக்கும் இதே. இது உள்நோயாளி சிகிச்சைக்கும் ஒருநாள் அறுவை சிகிச்சைக்கும் உரியது. டெங்கிக்கு வார்டில் சேர்ந்தால் வரும். பில் 27,000 என்றால் முதல் 15,000ஐக் காப்புறுதி நிறுவனம் முழுசாக ஏற்கும். மேலே உள்ள 12,000இல் 75%, அதாவது 9,000 அதனுடையது. 25%, அதாவது 3,000 முதலாளியுடையது. காப்புறுதி பிரிமியத்தை ஊழியர் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது.

2025 ஜூலை 1 முதல் இரண்டாம் கட்டம் நடப்புக்கு வந்தது. எவற்றை விலக்கலாம் என்பது எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே பட்டியல். ஏற்கத்தக்க கிளைம் தொகையைக் காப்புறுதி நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கொடுத்துவிட வேண்டும். முன்பு முதலாளி முழுதும் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்பார், சிறு நிறுவனங்கள் அதில் திணறின.

கிளினிக் செலவுக்கு இது கிடையாது. அங்கேதான் அடிப்படைப் பராமரிப்புத் திட்டம் வருகிறது, 2022 ஏப்ரல் 1 முதல். தங்குவிடுதியில் இருப்பவர்கள், கட்டுமானம், கப்பல் பட்டறை, செயல்முறைத் தொழில் (எண்ணெய், ரசாயன ஆலை போன்றவை) துறைகளில் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்கள் இதில் அடங்குவர். மருத்துவ நிலையத்துக்குப் போனால் ஊழியர் 5 வெள்ளி, தொலைமருத்துவம் என்றால் 2 வெள்ளி, மீதி திட்டம். காய்ச்சல் இரண்டு நாள் நீடித்தால் 2 வெள்ளித் திரை ஆலோசனையோடு நிறுத்தாமல் நேரில் போய் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். திரையில் ரத்தம் எடுக்க முடியாது.

#8 தெம்பனிஸ்_மல்லி
எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) நாள்களுக்குச் சம்பளம்? ஊழியர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

#9 எச்ஆர்_மேசை
வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி ஆறு மாதம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் வெளிநோயாளி விடுப்பு, 60 நாள் மருத்துவமனை விடுப்பு. அந்த 60க்குள் இந்த 14 அடக்கம். மூன்று மாதம் முடித்தவருக்கு 5ம் 15ம், நான்கு மாதத்துக்கு 8ம் 30ம், ஐந்துக்கு 11ம் 45ம். மூன்று மாதம் முடியாதவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு உரிமை இல்லை, ஆனால் வேலை அனுமதிச் சீட்டு, எஸ் பாஸ் ஊழியரின் மருத்துவச் செலவுப் பொறுப்பு முதல் நாளிலிருந்தே முதலாளியுடையது. இல்லப் பணிப்பெண்கள் வேலைவாய்ப்புச் சட்டத்தில் வரமாட்டார்கள். அவர்களுடைய சிகிச்சைச் செலவையும் முதலாளிதான் ஏற்க வேண்டும், காப்புறுதி கொடுக்காத கிளினிக் செலவு உட்பட.

எம்பிளாய்மென்ட் பாஸ்காரர்களுக்கு (உயர் சம்பள வெளிநாட்டு நிபுணர்கள்) ஒரு எச்சரிக்கை. அவர்களுக்குக் காப்புறுதி எடுக்க முதலாளிக்குக் கட்டாயம் இல்லை. சார்ந்தோர் அனுமதியில் இருக்கும் மனைவி, பிள்ளைகளுக்கும் அப்படியே. மெடிஷீல்டு லைஃப் கிடையாது, மானியமும் கிடையாது. பெரிய சம்பளம், பெரிய கம்பெனி, ஆனால் குடும்பத்துக்கு ஒரு பாலிசியும் இல்லாத நிலை சாதாரணம். வேலை ஒப்பந்தத்தில் "மருத்துவப் பலன்" என்ற ஒற்றை வரியைப் பார்த்து அமைதியடையாமல், வெளிநோயாளியா உள்நோயாளியா, குடும்பமும் உண்டா, ஒரு வருகைக்கு எவ்வளவு உச்சவரம்பு, ரத்தப் பரிசோதனை அந்த வரம்புக்குள்ளா வெளியா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கடைசிக் கேள்வி டெங்கிக்கு ரொம்ப முக்கியம். சில கம்பெனி அட்டைகளில் ஆலோசனையும் மருந்தும் அடங்கும், ஆய்வகப் பரிசோதனைக்குத் தனிப் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள்.

#10 ஆய்வகத்துளி
கிளைம் தள்ளுபடியாகும் இடம் பெரும்பாலும் எங்கள் ஆய்வகப் பக்கத்துக் காகிதம், அதனால் எழுதுகிறேன்.

தொற்றுநோய்ப் பாதுகாப்பு சேர்த்த விபத்துத் திட்டங்கள் "டெங்கி" என்று ஆய்வகத்தில் உறுதியாக வேண்டும் என்கின்றன. கிளினிக் மருத்துவரோ எம்சியில் "வைரல் காய்ச்சல்" என்று எழுதிவிடுவார். மருத்துவ ரீதியில் அது பிழையே இல்லை, ஏனென்றால் லேசான நோயில் முடிவு எதுவானாலும் கவனிப்பு ஒன்றுதான். காப்புறுதிக்கு மட்டும் அது போதாது.

பரிசோதனைக்குக் காலம் உண்டு. என்எஸ்1 ஆன்டிஜன் (வைரஸின் புரதம்) முதல் நாளிலிருந்தே தெரியும், முதல் ஐந்து நாளில் எடுத்தால் நம்பகமானது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஐஜிஎம் எதிர்ப்புப் பொருள். ஏழாம் நாளில் என்எஸ்1 மட்டும் எடுத்து "நெகட்டிவ்" என்று வந்தால், டெங்கி இல்லை என்று பொருளாகாது. நாள் கடந்துவிட்டது என்றும் பொருள் இருக்கலாம். முன்பு ஒருமுறை வந்து இப்போது இரண்டாவது வகை வைரஸ் தொற்றினால் என்எஸ்1 சீக்கிரம் மறையும், ஐஜிஎம்மும் மங்கலாக வரலாம். ஐஜிஜி (நீண்ட காலம் தங்கும் எதிர்ப்புப் பொருள்) மட்டும் பாசிட்டிவ் என்றால் பழைய தொற்றாகவும் இருக்கும், காப்புறுதி அதை ஏற்காது.

அறிக்கையில் ரத்தம் எடுத்த தேதி, முழுப் பெயர், அடையாள அட்டை அல்லது அனுமதிச் சீட்டு எண் சரியாக இருக்கிறதா என்று கிளினிக்கை விட்டு வெளியே வருமுன் பாருங்கள். கடப்பிதழில் தந்தை பெயர் சேர்ந்தும், அனுமதிச் சீட்டில் வேறு வரிசையிலும் நம்மவர்கள் பெயர் இருப்பது வழக்கம். அந்த ஒரு வித்தியாசத்துக்காகவே கோப்பு வாரக்கணக்கில் திரும்பித் திரும்பி வரும்.

#11 ஜூரோங்_வேம்பு
விபத்துத் திட்டத்தில் கொசுக்கடி விபத்துதானே? பூச்சிக்கடி என்று பாலிசியிலேயே போட்டிருக்கிறார்களே.

#12 ரைடர்_ராசு
வேம்பு, இது நிறையப் பேருக்கு இருக்கும் குழப்பம். பூச்சிக்கடி என்பது கடித்ததால் நேரடியாக வரும் காயம்: குளவி கொட்டி வீங்குவது மாதிரி. கடியின் வழியே பரவும் நோய் தனி. தொற்றுநோய் இணைப்பு தனியாக வாங்கியிருந்தால் மட்டுமே டெங்கி வரும்.

அந்த இணைப்பில் நான்கு இடத்தில் விரல் வைத்துப் படியுங்கள். ஒன்று, நோய்ப் பட்டியல். டெங்கி இருக்கும். சிக்குன்குனியா, ஸிக்கா, மலேரியா, கைகால்வாய்ப்புண் நோய் எல்லாம் எல்லாப் பட்டியலிலும் இருக்காது. பெயர் இல்லாத நோய்க்குப் பணம் இல்லை. இரண்டு, காத்திருப்புக் காலம். 14 நாள் என்பது பரவலாகக் காண்பது, சிலவற்றில் 30. அண்டை புளோக்கில் டெங்கி பரவுகிறது என்று எச்சரிக்கும் சிவப்புப் பதாகை தொங்கியதும் ஓடிப்போய் வாங்கினால் பலனில்லை. கடித்து 4 முதல் 7 நாளில் காய்ச்சல் வந்துவிடும், காத்திருப்புக் காலத்திலேயே நோய் முடிந்துவிடும். மூன்று, தினசரிப் பணமா, செலவைத் திருப்பித் தருவதா. தினசரிப் பணம் வார்டில் இருந்த நாளுக்கு மட்டும். நான்கு, விலக்கு வாசகம். சில பாலிசிகள் உலகப் பெருந்தொற்றை விலக்கும். சில, "அனைத்துலகப் பொதுச் சுகாதார நெருக்கடி" என்று அறிவிக்கப்பட்ட நோயையும் சேர்த்து விலக்கும். 2016 பிப்ரவரியில் ஸிக்கா தொடர்பாக அப்படி அறிவித்தார்கள், அதே ஆண்டு ஆகஸ்ட்டில் அல்ஜுனிட் வட்டாரத்தில் இங்கேயே பரவியது. வாசகத்தின் வித்தியாசம் எவ்வளவு பெரிது பாருங்கள்.

#13 பில்மேசை
ராசுவோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். வார்டில் சேர்ந்தால்தான் என்று சொல்லும்போது இப்போது வீட்டிலேயே உள்நோயாளிப் பராமரிப்பு இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் பொது மருத்துவமனைகளில் இது வழக்கமான சேவை. மருத்துவர் பொருத்தம் என்று முடிவுசெய்தால் வீட்டிலேயே தாதி வந்து பார்ப்பார். மெடிஷீல்டு லைஃப், மெடிசேவ் இரண்டும் வார்டுக்கு மாதிரியே இதற்கும் பொருந்தும். ஆனால் தினசரிப் பணம் தரும் தனிப் பாலிசிகள் "மருத்துவமனையில் தங்கியிருத்தல்" என்று எழுதியிருந்தால் வீட்டுப் படுக்கைக்குக் கொடுக்குமா என்பதைச் சம்மதிக்கும் முன் மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

#14 ரைடர்_ராசு
ஒப்புக்கொள்கிறேன் அண்ணே, அதை விட்டுவிட்டேன்.

#15 ஜூரோங்_வேம்பு
சரி, அப்படியானால் தொற்றுநோய் இணைப்பே வீண் செலவா?

#16 ரைடர்_ராசு
மாதச் சம்பளமும் கம்பெனி கிளினிக் அட்டையும் உள்ளவருக்கு அவசரத் தேவை இல்லை. வாடகைக் கார் ஓட்டுநர், பொருள் விநியோகிப்பவர், வீட்டிலிருந்து டியூஷன் எடுப்பவர் ஆகியோருக்கு என் கருத்து வேறு. டெங்கியின் அயர்ச்சி காய்ச்சல் விட்டபிறகும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும், அந்த நாள்களில் வருமானம் பூஜ்யம். ஆனால் வெளிநோயாளிச் செலவைத் திருப்பித் தரும் வகையாகப் பார்த்து வாங்கச் சொல்வேன். தினசரிப் பணம் மட்டும் தரும் மலிவு வகை டெங்கிக்கு உதவுவது அரிது.

கிளினிக் கட்டணத்துக்கு அரசாங்க மானியம் தரும் சாஸ் அட்டையையும் மறக்க வேண்டாம், அது குடிமக்களுக்கு. சாதாரண நோய் வருகைக்கு நீல அட்டைக்கு 18.50 வெள்ளி வரை, ஆரஞ்சுக்கு 10 வெள்ளி வரை. பச்சை அட்டைக்கு இந்த வகையில் கிடையாது. மூத்த குடிமக்களில் முன்னோடித் தலைமுறைக்கு 28.50, மெர்டேக்கா தலைமுறைக்கு 23.50 வரை.

#17 தெம்பனிஸ்_மல்லி
கடைசியாக ஒன்று. பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்து இங்கே காய்ச்சலில் விழுபவர்கள் உண்டு. பயணக் காப்புறுதி உதவுமா?

#18 பில்மேசை
இதில்தான் நோயின் நாள்கணக்கும் பாலிசியின் நாள்கணக்கும் மோதுகின்றன. ஊரிலேயே மருத்துவரைப் பார்த்திருந்தால், பல பயணத் திட்டங்கள் திரும்பியபின் ஏறக்குறைய 30 நாள்வரை இங்கே தொடர்சிகிச்சைக்குக் கொடுக்கும். ஊரில் பார்க்காமல் வந்திருந்தால், தரையிறங்கிய 48 அல்லது 72 மணி நேரத்துக்குள் இங்கே மருத்துவரைப் பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பல பாலிசிகளில் பார்க்கலாம்.

திருச்சியில் கடைசி நாள் மாலை கடித்த கொசுவுக்குக் காய்ச்சல் வர 4 முதல் 7 நாள், சில நேரம் 14 நாள். 72 மணி நேரம் எப்போதோ தாண்டியிருக்கும். மலேரியாவுக்கு இன்னும் தாமதம்: ஃபால்சிபேரம் வகைக்கு ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதம், விவாக்ஸ் வகை மாதக்கணக்கில்கூட ஈரலில் உறங்கி எழும். டைஃபாய்டும் ஒன்று முதல் மூன்று வாரம் வரை எடுக்கும். ஆகவே திரும்பியபின் தொடங்கும் காய்ச்சலுக்குப் பயணக் காப்புறுதியை நம்ப வேண்டாம். இங்கே வார்டில் சேர்ந்தால் மெடிஷீல்டு லைஃபோ கம்பெனிக் காப்புறுதியோ பொருந்தும், எந்த ஊரில் கடித்தது என்பதை அவை பார்ப்பதில்லை.

பணத்தைவிட முக்கியமான ஒன்று: கிளினிக்கில் உட்கார்ந்ததும் "இந்தியாவுக்குப் போய் இந்தத் தேதியில் திரும்பினேன்" என்று கேட்காமலே சொல்ல வேண்டும். சிங்கப்பூர் 1982இலேயே மலேரியா ஒழிந்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்த இடம். பயணத்தைச் சொல்லாவிட்டால் மலேரியாவுக்கான ரத்தத் துளிப் பரிசோதனை பட்டியலிலேயே வராமல் போகலாம்.

#19 வார்டு_விளக்கு
அதோடு, பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோர். மானியம் கிடையாது, மெடிஷீல்டு லைஃப் கிடையாது, சேர்க்கும்போதே முன்பணம் கேட்பார்கள். அவர்களுக்கான பயணப் பாலிசியை ஊரிலேயே கிளம்புமுன் எடுக்க வேண்டும், தங்கும் முழுக் காலத்துக்கும். 30 நாள் பாலிசியோடு வந்து தங்கலை நீட்டினால் 31ஆம் நாளிலிருந்து ஒன்றுமில்லை. நீட்டிப்பு அனுமதி கிடைத்த அன்றே பாலிசியையும் நீட்டுங்கள், காய்ச்சல் தொடங்கிய பிறகு நீட்டினால் அந்த நோய்க்குப் பொருந்தாது.

#20 தெம்பனிஸ்_மல்லி
எல்லாருக்கும் நன்றி. தாளின் மேல் பாதியில் நாள்கணக்குப் பட்டை போடுகிறேன்: 1 முதல் 5 என்எஸ்1, 5க்குப் பிறகு ஐஜிஎம், 3 முதல் 7 ஆபத்துக் கட்டம். அதன் கீழே எந்த நாளில் எந்த அட்டையை நீட்டுவது என்று அனுமதிச் சீட்டு வாரியாக. வலிமாத்திரை எச்சரிக்கை சிவப்பில். எச்ஆர்_மேசை அக்கா, தங்குவிடுதிப் பகுதியை எழுதி முடித்ததும் உங்களுக்கு அனுப்புகிறேன், 5 வெள்ளி, 2 வெள்ளி வரிகளை மட்டும் சரிபார்த்துத் தாருங்கள்.

#21 எச்ஆர்_மேசை
அனுப்புங்கள் மல்லி. முதலாளியின் தொடர்பு எண்ணை எழுதிக்கொள்ள ஒரு காலி இடமும் விடுங்கள். இரவு பதினொரு மணிக்கு அவசரப் பிரிவில் உத்தரவாதக் கடிதம் (செலவை ஏற்பதாக முதலாளி தருவது) யார் அனுப்புவார் என்று கேட்கும்போது, ஊழியர் கையில் அந்த எண் இருக்க வேண்டும்.